முதுகை அளக்காத அளவு

அளவு ஜாக்கெட் கொடுத்துத் தைக்கும் வழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். நான் சொல்ல வந்ததில் முக்கியமானது இதுதான், மற்றதெல்லாம் இதற்கு அடுத்தபடிதான். உடல்வாகு பார்த்து உடுத்துவது எப்படி என்று பத்திரிகைகளில் வருவதையெல்லாம் நானும் படித்தவள்தான். பேரிக்காய், ஆப்பிள், மணல் கடிகாரம் என்று படம் போட்டு, இதில் நீங்கள் எது என்று கேட்பார்கள். புடவை கட்டுகிற நமக்கு இடுப்புக்குக் கீழே என்ன வடிவம் இருந்தாலும் அது பாதிக்கு மேல் கொசுவத்துக்குள் போய்விடுகிறது. வெளியே தெரிவது தோள், முதுகு, மேல்கை, கழுத்து, இடுப்பின் ஒரு பக்கம். அத்தனையும் ஜாக்கெட்டின் பொறுப்பு. ஜாக்கெட் சொதப்பினால் எத்தனை ஆயிரம் கொடுத்து எடுத்த பட்டும் எடுபடாது.

என் தம்பி கல்யாணம் திருக்கோவிலூரிலேயே நடந்தது, வைகாசி முகூர்த்தம். எங்கள் வழக்கத்தில் மாப்பிள்ளை முதல் முடிச்சுப் போட்டதும் அடுத்த இரண்டையும் நாத்தனார்தான் போடவேண்டும். ஒரே அக்கா நான். அதற்காகவே அம்மா எனக்கு மாம்பழ மஞ்சளில் அரக்கு பார்டர் வைத்த ஆரணிப் பட்டு எடுத்துத் தந்தார். புடவையோடு வந்த பிட்டை நானே கொண்டுபோய் அளவு கொடுத்துத் தைத்துக்கொள்கிறேன் என்றேன். என் மாமியார் விடவில்லை. வீட்டுப் பெண்கள் துணி எல்லாவற்றையும் ஒன்றாக மூட்டை கட்டி, வருடக்கணக்காகத் தைக்கிற ஒருவரிடம் அனுப்பினார். என் பிட்டுக்கும் ஓர்ப்படியின் பிட்டுக்கும் சேர்த்து ஓர்ப்படியின் பழைய ஜாக்கெட் ஒன்றுதான் அளவு. "ரெண்டு பேருக்கும் முப்பத்தெட்டுதானே, எதுக்குத் தனித்தனியா? ஆம்பள டைலர் முன்னாடி டேப் வெச்சுக்கிட்டு நிப்பியா?" என்றார். தையல்காரரும் கேட்கவில்லை. இரண்டு பட்டு ஜாக்கெட், ஒரே அளவு, ஒரே வெட்டு என்றால் அவருக்கும் வேலை சுலபம்.

துணி வந்ததே முதல் நாள் சாயங்காலம். போட்டுப் பார்த்தேன். கையைத் தொங்கவிட்டு நின்றால் நன்றாகத்தான் இருந்தது. மறுநாள் காலையில் மேடையில், பெண்ணுக்குப் பின்னால் நின்று இரண்டு கையையும் தூக்கி, பூ வைத்துத் தைத்த பின்னலுக்கும் மாலைக்கும் நடுவே மஞ்சள் கயிற்றைத் தேடிப் பிடித்து முடிச்சை இழுத்தபோது, வலது அக்குளுக்குப் பின்னால் முதுகுப் பக்கம் சரக்கென்று விட்டது. கெட்டிமேளச் சத்தத்தில் யாருக்கும் கேட்டிருக்காது, எனக்குக் கேட்டது. தையல் மட்டும் பிரிந்திருந்தால் ஊசிநூலோடு முடிந்திருக்கும். தையல் ஓரத்திலேயே பட்டு கிழிந்து, உள்ளே இருந்த லைனிங் தெரிந்தது. முந்தானையை இரண்டு தோளுக்கும் போர்த்திக்கொண்டு அன்றைய பந்தி முழுவதும் பரிமாறினேன். நாத்தனார் முடிச்சுப் போடுகிற படம் ஆல்பத்தில் வைக்கிற மாதிரி இல்லை. ஆனால் சொந்தக்காரர் ஒருவர் எடுத்த வீடியோ அன்று மத்தியானமே எத்தனையோ பேர் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஓடியது.

இதற்குத் தையல்காரர் சொன்ன காரணம், "உடம்பு போட்டுடுச்சும்மா." என் உடம்பு போடவில்லை. என் கல்யாணத்துக்குத் தைத்த ஜாக்கெட் இன்றைக்கும் எனக்கு ஊக்கு மாட்டுகிறது. அந்தப் பேச்சுதான் கிழிசலைவிட அதிகமாகச் சுட்டது. அதனால்தான் கிழிந்த ஜாக்கெட்டைத் தூக்கிப் போடாமல், பிளேடு வைத்துப் பிரித்து, ஒவ்வொரு துண்டாகத் தரையில் விரித்துப் பார்த்தேன்.

அப்போதுதான் விஷயம் விளங்கியது. மார்பைச் சுற்றி டேப் பிடித்தால் எனக்கும் 38, ஓர்ப்படிக்கும் 38. ஆனால் அவளுக்கு முன்பக்கம் கனம், முதுகு ஒடுக்கம். எனக்கு முதுகு அகலம், முன்பக்கம் தட்டை. பின்னால் ஒரு கை மடிப்பிலிருந்து மறு கை மடிப்பு வரை பிடித்தால் எனக்கு 15 அங்குலம், அவளுக்குப் பதின்மூன்றரை. அந்த ஒன்றரை அங்குலம் முன்பக்கத்தில் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது, முதுகில் இல்லை. கையை முன்னால் நீட்டித் தூக்கும்போது விரிவது முதுகுதான், மார்பு அல்ல. போதாததற்கு அவள் ஜாக்கெட்டில் கைக்குழி கீழே இறங்கியிருக்கும். கைக்குழி இறங்கியிருந்தால் கையைத் தூக்கும்போது ஜாக்கெட்டே மேலே ஏறும், அக்குளை ஒட்டி இருந்தால் கை மட்டும் போய் வரும். தளர்வாக இருக்கட்டும் என்று கைக்குழியை இறக்கச் சொல்கிற பெண்கள் இதைக் கவனியுங்கள். தளர்வு வேண்டியது மேல்கைச் சுற்றில், கைக்குழியில் அல்ல.

மூவடியால் உலகை அளந்த பெருமாள் குடியிருக்கும் ஊர் இது. இந்த ஊரில் ஒரு பெண்ணின் முதுகை அளக்க அன்றைக்கு ஆளில்லாமல் போனதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அளவு ஜாக்கெட் ஏன் வந்தது என்பதும் எனக்குத் தெரியும். தைக்கிறவர் ஆண், தைத்துக்கொள்கிறவள் பெண். டேப்பை மேலே வைக்க அவருக்கும் கூச்சம், வீட்டாருக்கும் கூச்சம். பழைய ஜாக்கெட்டை ஒரு பையில் போட்டு அனுப்பினால் பெண் வீட்டை விட்டு வெளியே வரவே வேண்டாம். நம் பாட்டிமார் பலர் ரவிக்கையே போடாமல் வாழ்ந்தவர்கள், அவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அம்மா தலைமுறைக்கு வேறு வழி இருந்திருக்காது. இன்றைக்குத் திருக்கோவிலூரில், மணம்பூண்டியில், அரகண்டநல்லூரில் எந்தத் தெருவுக்குப் போனாலும் வீட்டிலேயே மிஷின் போட்டுத் தைக்கிற பெண் ஒருத்தி இருக்கிறாள். பழைய ஜாக்கெட் நீட்டினால் வாங்க மாட்டேன் என்கிறவளாகப் பார்த்துப் பிடியுங்கள். எனக்கு அப்படி ஓர் அக்கா கிடைத்தார். அளவு எடுத்து முடித்ததும் அவர் என்னிடம், "கையைத் தூக்கு, முன்னால நீட்டு, இப்ப மணையில உக்காந்து காட்டு" என்றார். உட்கார்ந்தபின் இடுப்புச் சுற்றை மறுபடி அளந்து சாக்பீஸால் சுவரில் எழுதிக்கொண்டார். எனக்கு அதுவரை யாரும் அப்படி அளந்ததில்லை.

உடல்வாகு கண்டுபிடிப்பது ஒரு வித்தையே இல்லை. தோள் அகலம், மார்புச் சுற்று, இடை, அடியிடுப்பின் அகன்ற பாகம், இந்த நான்கையும் அன்றைக்குப் போடப்போகிற உள்ளாடையோடு அளந்து எழுதுங்கள். அடியிடுப்பு மார்பைவிடத் தெளிவாகக் கூடுதலாக இருந்தால் கீழ்ப்பாதி கனம். தோளும் முதுகும் அடியிடுப்பைவிட அகலமாகத் தெரிந்தால் என்னைப்போல மேல்பாதி கனம். எல்லாம் ஏறக்குறைய ஒன்று என்றால் நேர் உடம்பு. மார்பும் அடியிடுப்பும் சமமாக இருந்து இடை மட்டும் நன்றாக ஒடுங்கியிருந்தால் அந்த மணல் கடிகாரம். அது இல்லையே என்று வருத்தப்பட ஒன்றுமில்லை. அமெரிக்காவில் 6,000க்கும் மேற்பட்ட பெண்களின் அளவுகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2005இல் செய்திகளில் வந்தது. அதில் மணல் கடிகார உடம்பு சுமார் 8 சதவீதம் பேருக்குத்தான், 46 சதவீதம் பேர் நேர் உடம்புக்காரர்கள். அந்த 8 சதவீதத்துக்காகத் தைக்கிற துணியைத்தான் நம் எல்லோருக்கும் மாட்டிவிடப் பார்க்கிறார்கள்.

என்னைப்போன்றவர்களுக்குத் தோளும் முதுகும் அகலம், குடம் தூக்கி, பிள்ளை தூக்கி வளர்ந்த உடம்பு. ஆகவே போட் நெக் வேண்டாம். ஜவுளிக்கடைப் பெண் எவ்வளவு வற்புறுத்தினாலும் வேண்டாம். குறுக்கே போகிற கழுத்து தோளை இன்னும் விரித்துக் காட்டும். ஆழமான யூ கழுத்தோ வி கழுத்தோ பார்வையைக் கீழே இறக்கும். பஃப் கை ஒடுங்கிய தோளுக்காரிகளுக்கு, கீழ்ப்பாதி கனமானவர்களுக்கு. அவர்கள் வைத்துக்கொள்ளட்டும், அழகாக இருக்கும், என் ஓர்ப்படிக்கு அப்படித்தான் இருக்கிறது. கையின் நீளம் மேல்கையின் பருத்த இடத்தில் முடியக் கூடாது. அதற்கு இரண்டு அங்குலம் கீழேயோ, முழங்கையிலோ முடியட்டும். முந்தானைப் பின்னைத் தோளின் விளிம்பில் குத்தாமல் கழுத்துப் பக்கமாக இரண்டு விரற்கடை தள்ளிக் குத்துங்கள். காசில்லாத வேலை, தோள் உடனே குறுகித் தெரியும்.

மேலே அகலமாக இருப்பவர்கள் கீழே கொஞ்சம் கனம் ஏற்றலாம். அதனால் எனக்குக் கஞ்சி போட்ட பருத்தியும் அகல பார்டரும் பொருந்துகின்றன, நெருக்கமாக ஏழெட்டுக் கொசுவம் வைக்கிறேன். கீழ்ப்பாதி கனமானவர்களுக்கு இதுவே தலைகீழ். கிரேப், சாஃப்ட் சில்க், மல் பருத்தி போன்று உடம்போடு விழுகிற துணி, சின்ன பார்டர். உயரம் ஐந்தடிதான் என்றால் பத்து அங்குல டெம்பிள் பார்டரை நினைக்கவே வேண்டாம், பொம்மைக்குப் பாய் சுற்றினதுபோல் ஆகிவிடும். பாவாடை நாடா முடிச்சை வயிற்றுக்கு நேரே போடாமல் பக்கவாட்டில் போடுங்கள். கொசுவத்துக்கு அடியில் அந்த முண்டு தெரியாமல் இருந்தாலே வயிறு பாதியாகும்.

பட்டு ஜாக்கெட்டில் இன்னொரு சங்கதி. புடவையோடு வருகிற பிட் பெரும்பாலும் 80 சென்டிமீட்டர். மார்பு 40க்கு மேல் போய், முழங்கை வரை கையும் வேண்டும் என்றால் அது போதாது. போதாதபோது தைப்பவர்கள் முதலில் திருடுவது உள்மடிப்பைத்தான். பக்கத் தையலில் ஒன்றரை அங்குலமாவது உள்ளே விடச் சொல்லுங்கள், பிரித்துத் தைக்க உதவும். துணி பற்றவில்லை என்றால் கையைக் குட்டையாக்கட்டும், மடிப்பைக் குறைக்க வேண்டாம். லைனிங் துணியை ஒரு தரம் நனைத்துக் காயவைத்துக் கொடுங்கள். பட்டை வெட்டும் முன் லைனிங்கை மட்டும் வெட்டி, ஓடு தையல் போட்டு, உங்களுக்கு மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். கூலி நூறு இருநூறு கூடக் கேட்பார்கள், கொடுங்கள். அந்தப் பிட் நெய்த தறியில் அதே துண்டு மறுபடி கிடைக்காது. திருவண்ணாமலை, விழுப்புரம் கடைகளில் என் அரக்குக்கு ஜோடி தேடிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். முன்கனம் உள்ளவர்கள் கட்டோரி வெட்டு கேளுங்கள், தட்டையாக இருப்பவர்களுக்கு பிரின்சஸ் கட். கிராஸ் கட் கொஞ்சம் இழுத்துக்கொடுக்கும்.

சுடிதார், குர்தி போடுகிறவர்களுக்கும் இதே முதுகுக் கணக்குதான். ரெடிமேடில் ஒரு கடை எல், இன்னொரு கடையில் டபுள் எக்ஸெல் ஆகிறது என்றால் குறை உங்கள் உடம்பில் இல்லை. இந்தியர்களுக்கென்று சொந்தமாக அளவு அட்டவணையே இல்லாமல் வெளிநாட்டு அட்டவணையை ஒட்டி வெட்டிக்கொண்டிருந்தார்கள். அதற்காகத்தான் நிஃப்ட் நிறுவனமும் மத்திய ஜவுளி அமைச்சகமும் 15 வயது முதல் 65 வயது வரை 25,000 பேரை முப்பரிமாண ஸ்கேனரில் நிறுத்தி அளக்கும் திட்டத்தை 2018இல் அறிவித்தன. நாட்டுக்கே அளவு இல்லாமல் இருந்த கதை இது, துணிக்கடையில் நம்மைப் பார்த்து உடம்பு போட்டுவிட்டது என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை. எழுத்தைப் பார்க்காதீர்கள், தோள் தையல் தோளெலும்பின் முனையில் நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் வாங்கலாம், இடுப்பைப் பிடித்துத் தைத்துக்கொள்ளலாம். தோள் இறங்கினால் அதைச் சரிசெய்ய முழுதாகப் பிரிக்கவேண்டும், அதற்கு வேறே வாங்கலாம்.

முகூர்த்த மாதங்களில் எந்தத் தையல்காரரும் கடைசி வாரத்தில் கேட்பதைச் செய்ய மாட்டார். தையில் விசேஷம் என்றால் கார்த்திகையிலேயே துணி போய்விடவேண்டும். வாங்கிவரும்போது கடையிலேயே போட்டு, கையைத் தலைக்கு மேலே தூக்கி, முன்னால் கட்டிப்பிடிப்பதுபோல் நீட்டி, குனிந்து பாருங்கள். யார் பார்த்தால் என்ன. ஓர்ப்படி மகளுக்கு வருகிற தையில் மஞ்சள் நீராட்டு. மாமியார் மறுபடியும் மூட்டை கட்டத் தொடங்கிவிட்டார், அதே அளவு ஜாக்கெட் மேலே இருக்கிறது. என் பிட்டை அதிலிருந்து எடுத்து பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன். ஓர்ப்படியிடமும் அவள் மகளை என்னோடு அந்த அக்கா வீட்டுக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். அந்தப் பெண்ணுக்கும் என்னைப்போலவே அகல முதுகு.