மின்சாரம் நின்ற பிறகு

சென்ற ஐப்பசி மழையில் ஓர் இரவு செண்பகத்தோப்பில் மின்சாரம் நின்றது. என் தந்தை அங்கே மாந்தோப்புக் காவல். எங்கள் குடியிருப்பும் தோப்பு வீட்டில்தான். மலையடிவாரத்தில் காற்றடித்தால் கிளை முறிந்து கம்பிமேல் விழும். அன்று காலையிலும் நெடுநேரம் மின்சாரம் இல்லை. ஆனால் இரவில் 3 மணி நேரம் ஆவதற்குள் கைபேசியும் ஊமையாயிற்று. அந்நேரம் பாட்டிக்கு மூச்சுத்திணறல். 108-ஐ அழைக்க, அப்பா மழையில் சைக்கிளை மிதித்து ஸ்ரீவில்லிபுத்தூர்ச் சாலையில் சிக்னல் கிடைக்கும் இடம் வரை போனார். பாட்டி பிழைத்துக்கொண்டார்.

"கோபுரத்துக்கு அடியில பெட்டி பெட்டியா பாட்டரி இருக்கே, ஏன் படுத்துருச்சு? ஒன் படிப்புல இதுக்குப் பதில் இருக்கா?" என்று அப்பா கேட்டார். இருக்கிறது.

தொலைபேசிக் கருவிகள் 48 வோல்ட் நேர்மின்னோட்டத்தில் இயங்குபவை. 1859-இல் பிளாண்டே என்ற பிரெஞ்சு அறிஞர் கண்ட காரீய-அமிலச் சேமக்கலன் ஒன்று 2 வோல்ட் தரும். எனவே 24 கலன்களைத் தொடராக இணைக்கிறார்கள். மின்சாரம் இருக்கும்போது அலைதிருத்தி கருவிகளையும் இயக்கும். ஏறத்தாழ 54 வோல்ட்டில் கலன்களையும் நிறைத்து வைக்கும். மின்சாரம் நின்றால் இமைப்பொழுதும் இடைவெளியின்றிக் கலன்கள் பளுவை ஏற்கும்.

எத்தனை பெரிய கலன் வேண்டும்? ஒரு கோபுரத்தின் பளு 30 ஆம்பியர் என்போம். 8 மணி நேரம் தாங்க 240 ஆம்பியர்-மணி. அதை மட்டும் வாங்கிவைத்தால் ஏமாந்துபோவோம். கலனை அடிவரை வடியவிட்டால் தகடுகளில் காரீய சல்பேட் இறுகிவிடும். ஆகவே 80 விழுக்காடுதான் எடுக்கலாம். மூப்பினால் கொள்ளளவு 80 விழுக்காடாகக் குறைந்த நாளிலும் அது 8 மணி நேரம் தாங்க வேண்டும். 240-ஐ இருமுறை 0.8-ஆல் வகுத்தால் 375 வரும். 400 ஆம்பியர்-மணிக் கலன் வைக்கலாம். நம் பக்கத்து வெயிலையும் மறக்கக்கூடாது. வெப்பநிலை 10 டிகிரி கூடினால் கலனின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிறது.

இனி அலைதிருத்தி. பளுவுக்கு 30, கலனை நிரப்ப அதன் கொள்ளளவில் பத்திலொரு பங்கான 40, ஆக 70 ஆம்பியர்.

பிறகு கோபுரத்தில் புதுக் கருவிகள் ஏறுகின்றன. பளு 50 ஆம்பியர் ஆகிறது. கலனை யாரும் தொடவில்லை. பழைய கலனில் எடுக்கத்தக்கது 256 ஆம்பியர்-மணி; 5 மணி நேரம்தான் வரும். வேகமாக வடித்தால் கொள்ளளவே சுருங்குமாதலால் அதுவும் முழுதாக வராது. இதைவிடக் கேடு ஒன்றுண்டு. அலைதிருத்தியின் 70-இல் பளுவுக்கு 50 போக, நிரப்புவதற்கு எஞ்சுவது 20 ஆம்பியரே. காலையில் வடிந்த கலனுக்கு இடையில் 6 மணி நேரம் மின்சாரம் கிடைத்தால் 120 ஆம்பியர்-மணி ஏறும். இரவில் அது இரண்டரை மணி நேரத்துக்குக்கூடப் போதாது!

இக்கணக்கைச் சொன்னபோது அப்பா, "விருந்தாளி கூடிட்டா, ஒலையில அரிசி கூடப் போடணும்ல" என்றார். அரிசி மட்டுமன்று, அடுப்பும் பெரிதாக வேண்டும். அலைதிருத்தியைக் கூட்டாமல் கலனை மட்டும் கூட்டுவது வீண். கூட்டும்போதும் பழைய வரிசைக்குள் புதுக் கலனைச் செருகக்கூடாது. கிழ மாட்டையும் இளங்காளையையும் ஒரே நுகத்தில் பூட்டியதுபோல், நலிந்த கலன் முதலில் வடிந்து வரிசை முழுவதையும் இழுத்துவிடும். 24 கலன்கள் கொண்ட தனி வரிசையாகவே பக்க இணைப்பில் சேர்க்க வேண்டும்.

2023 டிசம்பர் 17, 18-இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியது. தூத்துக்குடி, நெல்லை மாவட்டங்களில் பல ஊர்களுக்குத் தொலைபேசித் தொடர்பே அற்றுப்போயிற்று. அத்தகைய நாளில் கலன் மட்டும் காப்பாற்றாது. 30 ஆம்பியருக்கே 2 நாள் தாங்க 2,250 ஆம்பியர்-மணி வேண்டும். அவ்வளவு காரீயத்தை எவரும் வைப்பதில்லை. டீசல் மின்னாக்கி ஓடத் தொடங்கும் வரை தாங்குவதே கலனின் வேலை. நகரத்துக் கோபுரத்துக்குச் சில மணி நேரம் போதலாம். ஓடை பெருகினால் பாதை அடைபடும் மலையடிவாரத்துக் கோபுரத்துக்கோ, டீசல் வந்து சேரும் நேரத்தையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.