அடிபம்பும் ஒரு வாஷரும்

எங்க தெரு அடிபம்பு ரிப்பேரானால் அம்மா குடத்தோடு வயக்காட்டுக் கிணற்றுக்கு நடப்பார். ஒரு வாஷர் மாத்த ஏன் இத்தனை நாள்? வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்த எனக்கு இங்கேதான் விளங்கியது.

1970-களில் யுனிசெஃப் ஆதரவுடன் உருவான 'இந்தியா மார்க் 2' பம்பில் குழாயைவிட உள்ளே இருக்கும் சிலிண்டர் அகலம். எனவே வாஷர் தேய்ந்தால் குழாய் முழுவதையும் மேலே தூக்கணும். கருவிகளோடு ஆட்கள் வரணும்.

1980-களில் கோவை வட்டாரக் கள ஆய்வுகளில் உருவானது மார்க் 3. குழாயை அகலமாக்கினார்கள், கம்பியை இழுத்தாலே பிஸ்டன் வந்துவிடும். குழாய் கனம், விலையும் கூடுதல்; ஆனால் பயிற்சி பெற்ற ஊர்க்காரர்களே வாஷர் மாற்றலாம்.

நாளை நாம் வரையும் டிராயிங்கில், பழுது பார்ப்பவரும் காத்திருக்கும் அம்மாவும் நினைவில் இருக்கட்டும்!