போட்டியும் கூட்டுக்கற்றலும்

நுழையும்முன்

வகுப்பில் வினாடி வினாப் போட்டி என்று அறிவித்தவுடன் சில மாணவர்கள் நிமிர்ந்து அமர்வர். சிலர் தலையைத் தாழ்த்திக்கொள்வர். ஒரே அறிவிப்பு சிலருக்கு ஊக்கத்தையும் சிலருக்கு அச்சத்தையும் தருவது ஏன்? மாணவர்களை அணிகளாகப் பிரித்துப் போட்டியிடச் செய்வது கற்றலை வளர்க்குமா? வளர்க்கும் எனில், அப்போட்டி எத்தகைய விதிகளின்படி நடைபெறவேண்டும்? இவ்வினாக்களுக்கு உளவியல் அறிஞர்களும் கல்வியாளர்களும் கண்டறிந்த விடைகளை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

வகுப்பறையில் ஒரு போட்டி

பதினொன்றாம் வகுப்பு ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். நாற்பது மாணவர்கள் நான்கு அணிகளாக அமர்ந்துள்ளனர். அணிகளுக்குக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் எனப் பெயர் சூட்டப்பட்டுள்ளது. ஆசிரியர் வினாக்களைத் தொடுக்கிறார். கைகள் உயர்கின்றன, கரும்பலகையில் புள்ளிகள் ஏறுகின்றன, கைதட்டல் அடுத்த வகுப்பு வரை கேட்கிறது. வகுப்பு முழுவதும் உயிர்ப்புடன் கற்பதாகவே தோன்றும்.

ஆயினும் உற்று நோக்கினால், ஒவ்வோர் அணியிலும் விடை கூறுவோர் இருவரோ மூவரோதான் என்பது புலப்படும். ஏனையோர் கைதட்டுவதோடு நின்றுவிடுகின்றனர். தயங்கித் தயங்கி எழுந்த ஒருவர் தவறான விடையைக் கூறி, அணியின் புள்ளி குறையக் காரணமாகிவிட்டால், அதன்பின் அவர் வாய் திறப்பதில்லை. ஆரவாரம் அடங்கியபோது, முன்பே அறிந்தவர் அறிந்தவராகவும் அறியாதவர் அறியாதவராகவுமே வீடு திரும்புகின்றனர். போட்டி நடந்தது உண்மை. கற்றல் நடந்ததா என்பதே கேள்வி.

போட்டி தரும் விரைவு

போட்டி மனிதரின் செயலை எவ்வாறு மாற்றுகிறது என்பதை ஆராய்ந்த முன்னோடிகளுள் ஒருவர் நார்மன் டிரிப்லெட். அமெரிக்க நாட்டின் இண்டியானா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இவர், மிதிவண்டிப் பந்தய வீரர்களின் நேரக்குறிப்புகளை ஆராய்ந்தார். தனியாக ஓட்டும்போது காட்டும் வேகத்தைக் காட்டிலும் பிறருடன் போட்டியிட்டு ஓட்டும்போது அவர்கள் காட்டும் வேகம் மிகுதியாக இருந்தது. இதற்குரிய காரணத்தை அறிய, தூண்டில் நூலைச் சுற்றும் உருளையைக் கொண்டு சிறுவர்களிடம் ஒரு சோதனை நடத்தினார். தனியாகச் சுற்றும்போதும் மற்றொருவருடன் போட்டியிட்டுச் சுற்றும்போதும் அவர்களின் வேகத்தை அளந்தார். 1898ஆம் ஆண்டு இவ்வாய்வு வெளிவந்தது.

சோதனையில் பங்கேற்றோருள் நாற்பதின்மரின் முடிவுகளை அவர் மூவகையாகப் பிரித்தார். போட்டியால் விரைவு கூடியோர் இருபதின்மர். பெரிய மாற்றம் எதுவும் காணாதோர் பதின்மர். போட்டி என்றவுடன் பதற்றமுற்றுத் தடுமாறியோர் பதின்மர். இவ்வாய்வைக் கூறுவோர் பெரும்பாலும் அந்த இருபதின்மரையே குறிப்பிடுவர். கல்வியைப் பற்றிச் சிந்திப்போர் மறந்துவிடக் கூடாதவர்களோ தடுமாறிய அந்தப் பதின்மர். வகுப்பறையில் தலை தாழ்த்தி அமர்ந்திருப்போர் அவர்களே.

அணியுணர்வின் இரு முகங்கள்

தனிமனிதர் போட்டியிடுவதற்கும் அணிகள் போட்டியிடுவதற்கும் வேறுபாடு உண்டு. அணி என்று ஒன்று அமைந்தவுடன் ‘நாம்’ என்னும் உணர்வு பிறக்கிறது. அதனுடனேயே ‘அவர்கள்’ என்னும் உணர்வும் பிறந்துவிடக்கூடும். இதனைத் தெளிவாகக் காட்டியவர், துருக்கியில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய சமூக உளவியல் அறிஞர் முசாஃபர் ஷெரீப்.

1954ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில், ஓக்லஹோமா மாநிலத்தின் ராபர்ஸ் கேவ் பூங்காவில் நடந்த முகாமிற்கு ஏறத்தாழப் பதினொரு வயதுச் சிறுவர் இருபத்திருவர் அழைத்துச் செல்லப்பட்டனர். அவர்கள் முன்பின் அறிமுகமற்றவர்கள். இரண்டு அணிகளாகப் பிரிக்கப்பட்ட அச்சிறுவர்கள், தொடக்கத்தில் மற்றோர் அணி இருப்பதையே அறியாமல் தனித்தனியே தங்கியிருந்தனர். பின்னர் அவ்விரு அணிகளுக்கும் இடையே பந்தாட்டம், கயிறு இழுத்தல், கூடாரம் அமைத்தல் முதலிய போட்டிகள் நடத்தப்பட்டன. வெற்றிபெறும் அணிக்கு மட்டுமே பரிசு என்பது விதி.

சில நாள்களிலேயே வசைமொழிகள் எழுந்தன. ஓர் அணியின் கொடியை மற்றோர் அணி எரித்தது. ஒருவர் தங்குமிடத்திற்குள் மற்றவர் புகுந்து பொருள்களைக் கலைத்தனர். ஒரே இடத்தில் உணவு வழங்கியும் திரைப்படம் காட்டியும் பகை தணியவில்லை. அதன்பின், இரு அணிகளும் சேர்ந்தால் மட்டுமே தீர்க்கக்கூடிய சிக்கல்களை ஆய்வாளர்கள் உருவாக்கினர். முகாமிற்கு வரும் குடிநீர் தடைப்பட்டது; எங்கே பழுது என்று இரு அணியினரும் தேடினர். உணவு கொண்டுவர வேண்டிய சரக்குந்து நகர மறுத்தது. முன்பு எந்தக் கயிற்றின் இரு முனைகளில் நின்று ஒருவரையொருவர் எதிர்த்து இழுத்தார்களோ, அதே கயிற்றை வண்டியில் கட்டி அனைவரும் ஒரே பக்கம் நின்று இழுத்தனர். பகை படிப்படியாகக் குறைந்தது. வீடு திரும்பும்போது ஒரே பேருந்தில் செல்லவே பெரும்பாலோர் விரும்பினர்.

கயிறும் மாறவில்லை, சிறுவர்களும் மாறவில்லை. அவர்கள் நின்ற இடமே மாறியது. ஒருவர் வெல்ல மற்றவர் தோற்றே ஆகவேண்டும் என்ற அமைப்பு பகையை வளர்த்தது. ஒருவர் வெற்றி மற்றவர் உதவியால்தான் கிடைக்கும் என்ற அமைப்பு நட்பை வளர்த்தது.

பரிசும் விருப்பமும்

போட்டி என்றால் பரிசும் உடன்வரும். பரிசு எப்போதும் ஊக்கம் தரும் என்பதே பொதுவான நம்பிக்கை. மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகியோர் 1973இல் வெளியிட்ட ஆய்வு அந்நம்பிக்கையை ஐயுறச் செய்தது. ஓவியம் தீட்டுவதில் இயல்பான விருப்பமுடைய மழலையர் பள்ளிக் குழந்தைகளை அவர்கள் மூன்று பிரிவாக்கினர். ஒரு பிரிவினருக்கு, ஓவியம் தீட்டினால் பாராட்டுச் சான்றிதழ் உண்டு என்று முன்னரே கூறினர். மற்றொரு பிரிவினருக்கு, ஏதும் கூறாமல் தீட்டி முடித்தபின் சான்றிதழ் வழங்கினர். மூன்றாம் பிரிவினருக்குச் சான்றிதழ் இல்லை. சில நாள்கள் கழித்துப் பார்த்தபோது, சான்றிதழை எதிர்பார்த்துத் தீட்டிய குழந்தைகள் ஏனையோரைவிடக் குறைந்த நேரமே ஓவியத்தில் ஈடுபட்டனர்.

விரும்பிச் செய்த செயல், பரிசுக்காகச் செய்யும் செயலாக மாறியவுடன் அதன் சுவை குறைந்துவிட்டது. ஆகவே, வகுப்பறைப் போட்டியில் பரிசு சிறியதாகவும், பாராட்டு உண்மையான உழைப்பைச் சுட்டுவதாகவும் இருத்தல் நலம். புள்ளிகள் பாடத்திற்குள் அழைத்துச் செல்லும் வாயிலாக இருக்கலாம். புள்ளிகளே பாடமாகிவிடக் கூடாது.

விதி மாறினால் விளைவு மாறும்

போட்டியின் விரைவும் வேண்டும், தடுமாறுவோரும் முன்னேற வேண்டும், பகையும் கூடாது. இம்மூன்றையும் ஒருசேர அடைய இயலுமா? அமெரிக்காவின் பால்டிமோர் நகரிலுள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் 1970களில் இதற்கு வழிகள் காணப்பட்டன. டேவிட் டிவ்ரீஸ், கீத் எட்வர்ட்ஸ் ஆகியோர் அணிப்போட்டி முறை ஒன்றை உருவாக்கினர். ராபர்ட் ஸ்லேவின் அதனை மேலும் வளர்த்தெடுத்தார்.

இம்முறையில் நால்வர் அல்லது ஐவர் கொண்ட சிறிய அணிகள் அமைக்கப்படும். ஒவ்வோர் அணியிலும் நன்கு கற்போர், நடுநிலையில் உள்ளோர், பின்தங்கியோர் என அனைவரும் கலந்திருப்பர். ஆசிரியர் பாடத்தை நடத்தியபின், அணியினர் ஒருவருக்கொருவர் விளக்கிக்கூறிக் கற்பர். அடுத்துப் போட்டி நடைபெறும். அப்போது, வெவ்வேறு அணிகளைச் சேர்ந்த, ஏறத்தாழ ஒரே கற்றல் நிலையில் உள்ள மூவர் ஒரு மேசையில் அமர்ந்து போட்டியிடுவர். முதல் மதிப்பெண் பெறுபவர் தமக்கு நிகரானவருடனும், பின்தங்கியவர் தமக்கு நிகரானவருடனும் மோதுவர். எந்த மேசையில் முதலிடம் பெற்றாலும் அணிக்குக் கிடைக்கும் புள்ளி ஒன்றே. வென்றவர் அடுத்த முறை மேல்நிலை மேசைக்கு உயர்வார்.

ஸ்லேவின் அமைத்த மற்றொரு முறையில் மேசைப் போட்டி இல்லை. அணியினர் சேர்ந்து கற்பர்; தேர்வை மட்டும் தனித்தனியே எழுதுவர். ஒவ்வொருவருக்கும் முந்தைய தேர்வுகளின் சராசரி, அடிப்படை மதிப்பெண்ணாகக் கொள்ளப்படும். அதைவிடப் பத்துக்கு மேல் உயர்ந்தவர் அணிக்கு 30 புள்ளிகள் ஈட்டித் தருவார். அடிப்படை மதிப்பெண்ணிலிருந்து பத்து மதிப்பெண் வரை உயர்ந்தவர் 20 புள்ளிகளும், பத்து மதிப்பெண் வரை குறைந்தவர் 10 புள்ளிகளும் தருவர். முழு மதிப்பெண் பெறுபவருக்கு எந்நிலையிலும் 30 புள்ளிகள் உண்டு.

இதன் பயனை ஓர் எடுத்துக்காட்டால் உணரலாம். ஓர் அணியில் ஒருவரின் அடிப்படை மதிப்பெண் 38; மற்றொருவரின் மதிப்பெண் 91. புதிய தேர்வில் முதலாமவர் 52 பெறுகிறார். இரண்டாமவர் 90 பெறுகிறார். பழைய முறையில் அணிக்குப் பெருமை சேர்த்தவர் 90 பெற்றவரே. இம்முறையிலோ, 52 பெற்றவர் 30 புள்ளிகளையும் 90 பெற்றவர் 10 புள்ளிகளையும் அணிக்குத் தருகின்றனர். அணிக்குச் சுமை எனக் கருதப்பட்டவரே அணியின் நம்பிக்கை ஆகிறார். அவருக்குப் பாடம் சொல்லித் தருவது மற்றவர்களுக்கு வீண்வேலையாகத் தோன்றாது. குறிப்பிட்ட அளவைத் தொட்ட அணிகள் அனைத்தும் பாராட்டப்படுவதால், ஓர் அணியின் உயர்வு மற்றோர் அணியின் தாழ்வு ஆவதில்லை.

அணிக்கெனப் பொதுவான இலக்கு, ஒவ்வொருவருக்கும் தனிப்பொறுப்பு ஆகிய இரண்டும் சேர்ந்திருந்தால்தான் கூட்டுக்கற்றல் சிறந்த பயனைத் தரும் என்பது, பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய ஸ்லேவினின் முடிவு.

ஒவ்வொருவரிடமும் ஒரு பகுதி

1971இல் டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரப் பள்ளிகள் வேறொரு சிக்கலைச் சந்தித்தன. அதுவரை பிரித்து வைக்கப்பட்டிருந்த வெள்ளையர், கறுப்பினத்தவர், மெக்சிகோ வழியினர் ஆகியோரின் குழந்தைகள் முதன்முறையாக ஒரே வகுப்பில் அமர்ந்தனர். பூசல்கள் மூண்டன. எலியட் அரான்சன் என்னும் உளவியல் அறிஞரும் அவருடைய மாணவர்களும் வகுப்புகளைக் கூர்ந்து நோக்கினர். ஆசிரியரின் பாராட்டுக்காக மாணவர்கள் ஒருவரோடொருவர் முந்தும் வழக்கமே பகைக்கு எண்ணெய் வார்க்கிறது என்பதை உணர்ந்தனர்.

அவர்கள் வகுத்த முறை எளியது. பாடம் ஐந்து அல்லது ஆறு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, குழுவில் ஆளுக்கொரு பகுதி தரப்பட்டது. தம் பகுதியை நன்கு கற்று மற்றவர்களுக்குக் கற்பிப்பது ஒவ்வொருவரின் கடமை. ஒருவர் வாய் திறக்காவிட்டால் அப்பகுதி எவருக்கும் கிடைக்காது. தடுமாறிப் பேசுபவரை ஏளனம் செய்தால் இழப்பு ஏளனம் செய்தவருக்கே. எனவே, பொறுமையாகக் கேட்கவும் தக்க வினாக்களால் விடையை வருவிக்கவும் மாணவர்கள் பழகினர்.

தெரிந்து தெளிவோம்

போட்டியில் பகை கூடாது என்னும் எண்ணம் தமிழ் மரபிலும் உண்டு. மணிமேகலையின் விழாவறை காதையில், புகார் நகரில் இந்திரவிழா நடைபெறப்போவதை முரசறைவோன் அறிவிக்கிறான். சமயப் பொருளை வாதிட வல்லோர் பட்டிமண்டபத்தில் ஏறுமாறு அழைக்கும் அவன், பகைவரோடும்கூடச் சினமும் பூசலும் கொள்ளாது விலகிச் செல்லுமாறும் அறிவுறுத்துகிறான். கருத்தால் மோதுவதற்கு மேடை உண்டு. பகைமைக்கு அங்கு இடமில்லை.

ஊக்கமும் அழுக்காறும்

திருக்குறளில் ஊக்கமுடைமைக்கு ஓர் அதிகாரமும் அழுக்காறாமைக்கு ஓர் அதிகாரமும் உள்ளன. போட்டி இவ்விரண்டிற்கும் நடுவே நிற்கிறது. அது ஊக்கத்தின் பக்கம் சாய்வதும் அழுக்காற்றின் பக்கம் சாய்வதும் மாணவரின் இயல்பால் மட்டும் முடிவாவதில்லை; போட்டியின் விதியாலும் முடிவாகிறது. பிறரைவிட நான் எவ்வளவு மேல் என்று அளக்கும் விதி ஒரு சிலரையே உயர்த்தும். நேற்றைய என்னைவிட இன்றைய நான் எவ்வளவு மேல் என்று அளக்கும் விதி அனைவரையும் உயர்த்தும்.

வகுப்பறையில் அடுத்த போட்டி தொடங்கும்முன் மூன்று வினாக்களைக் கேட்டுக்கொள்வது நலம். அணியிலுள்ள ஒவ்வொருவருக்கும் ஆற்றவேண்டிய பங்கு உள்ளதா? பின்தங்கியவரின் முன்னேற்றம் புள்ளியாக மாறுகிறதா? தோற்ற அணியும் ஏதேனும் கற்றுக்கொண்டு எழுகிறதா? இவற்றுக்கு ஆம் என்று விடை கூற முடியுமானால் அங்கே நடப்பது கற்றல். வெற்றிபெற்ற அணியின் பெயர் மறுநாள் கரும்பலகையிலிருந்து அழிந்துவிடும். தோழர் ஒருவர் பொறுமையாக விளக்கியதால் புரிந்த பாடமோ நெடுநாள் நெஞ்சில் நிற்கும்.

கற்பவை கற்றபின்

1. வகுப்பில் நால்வர் கொண்ட அணிகளை அமைத்து, ஒவ்வொருவரின் முந்தைய தேர்வு மதிப்பெண்ணை அடிப்படையாகக் கொண்டு முன்னேற்றப் புள்ளிகளைக் கணக்கிடுக.

2. இப்பாடத்தை ஐந்து பகுதிகளாகப் பிரித்து, குழுவில் ஆளுக்கொரு பகுதியைக் கற்று ஏனையோருக்கு விளக்குக.

3. ‘மாணவரின் கற்றலுக்குப் பெரிதும் துணைநிற்பது போட்டியே! ஒத்துழைப்பே!’ என்னும் தலைப்பில் பட்டிமன்றம் நிகழ்த்துக.