நேபாளம், பூட்டான் போகிறீர்களா? அடையாள அட்டையைச் சரிபாருங்கள்!

முக்திநாத், பசுபதிநாத் யாத்திரைக்கு விசா வேண்டாம் என்பதால் ஆதாரை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள்.

• விமானத்தில் நேபாளம் செல்லும் பெரியவர்களுக்குப் பாஸ்போர்ட் அல்லது தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் அட்டை கட்டாயம். பான் கார்டு, டிரைவிங் லைசென்ஸ் செல்லாது. அசலே கையில் இருக்கட்டும்.

• 15 வயதுக்குக் கீழ், 65 வயதுக்கு மேல் உள்ளவர்களுக்கு மட்டும் ஆதார் போதும்.

• 15 முதல் 18 வயதுப் பிள்ளைகளிடம் பாஸ்போர்ட் இல்லையென்றால், பள்ளித் தலைமை ஆசிரியரிடம் உரிய படிவத்தில் அடையாளச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள்.

• பூட்டானுக்கும் பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டைதான். பாஸ்போர்ட் இன்னும் 6 மாதமாவது செல்லுபடியாக வேண்டும். 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பாஸ்போர்ட் அல்லது பிறப்புச் சான்றிதழ் தேவை. பெரியவர் ஒருவர் துணைக்கு வர வேண்டும்.

• துபாய், சிங்கப்பூர் போன்ற வேறு நாட்டிலிருந்து நேபாளம் போனால் பாஸ்போர்ட் இல்லாமல் முடியாது.

• நம்மூர்க்காரர்கள் இடறுவது இனிஷியலில்தான். வாக்காளர் அட்டையில் 'முருகன்', டிக்கெட்டில் 'முருகன் சுப்பையா' என்றிருந்தால் கவுன்டரில் கேள்வி வரும். எந்த அட்டையைக் காட்டப்போகிறீர்களோ, அதைப் பார்த்தே எழுத்துப் பிசகாமல் டிக்கெட் போடுங்கள்.

• முக்திநாத் இருப்பது அன்னபூர்ணா பாதுகாப்புப் பகுதியில். அதற்குத் தனி அனுமதிச் சீட்டு உண்டு. அட்டை நகல்களும் பாஸ்போர்ட் சைஸ் போட்டோக்களும் கைப்பையில் இருக்கட்டும்.

• விதிகள் மாறக்கூடியவை; டிக்கெட் போடுமுன் நீங்கள் செல்லும் நாட்டிலுள்ள இந்தியத் தூதரக இணையதளத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.