டைபாய்டு என்று எழுதிய சீட்டு

தளவானூர் வாசகருக்கு,

அம்மா தேறி, மறுபடி மணிலாக் கொல்லைக்குப் போகத் தொடங்கிவிட்டார் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. முதலில் டைபாய்டு என்றார்கள், பத்து நாள் கழித்து இன்னொரு டாக்டர் ஸ்க்ரப் டைபஸ் என்றார், யார் சொன்னது பொய் என்று கேட்டிருக்கிறீர்கள்.

யாரும் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. டைபாய்டு, ஸ்க்ரப் டைபஸ், டெங்கு, எலிக்காய்ச்சல் எல்லாமே முதல் சில நாள் காய்ச்சல், தலைவலி, உடம்புவலி என்றுதான் இருக்கும். இரண்டாவது டாக்டருக்கு, மருந்துக்கும் இறங்காத பத்து நாள் காய்ச்சலே ஒரு தடயமாகக் கிடைத்தது.

ஆனால் ஒரே ஒரு விடால் பரிசோதனைச் சீட்டைப் பார்த்து டைபாய்டு என்று முடிவுகட்டும் வழக்கம் எனக்குக் கவலை தருகிறது. 1896-இல் வந்த பரிசோதனை அது. கிருமியைக் காட்டாது, ரத்தத்தில் உள்ள எதிர்ப்பொருளைத்தான் காட்டும். எப்போதோ வந்துபோன டைபாய்டோ வேறொரு காய்ச்சலோகூட அதைப் பாசிட்டிவ் ஆக்கிவிடும். ரத்தக் கல்ச்சர் அதைவிட நம்பகமானது. ஆனால் அதற்குச் சில நாள் பிடிக்கும், உண்மையான டைபாய்டையே பலரிடம் தவறவிடும். ஸ்க்ரப் டைபஸுக்கான ஐ.ஜி.எம். எலைசா பரிசோதனையும் ஆரம்ப நாட்களில் நெகட்டிவ் என்று வரலாம்.

சீட்டில் வராத ஒன்று உடம்பில் இருந்திருக்கலாம். புதரிலும் புல்லிலும் இருக்கும், கண்ணுக்குத் தெரியாத பூச்சிக்குஞ்சு கடித்துத்தான் ஸ்க்ரப் டைபஸ் வருகிறது. கடித்த இடத்தில் பலருக்கு, எல்லாருக்கும் அல்ல, சிகரெட்டால் சுட்டதுபோல் ஒரு கருப்புப் பொருக்கு இருக்கும். வலிக்காது, அதனால் யாரும் சொல்வதில்லை. அக்குள், தொடையிடுக்கு, மார்பின் அடி, இடுப்பு என்று மறைவான இடங்களில்தான் பெரும்பாலும் இருக்கும். அது எங்கெங்கே இருக்கிறது என்று வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். கூட்டம் நெரியும் ஓ.பி.யில், மகன் பக்கத்தில் நிற்க, உங்கள் அம்மா அதை எப்படிக் காட்டுவார்? ஒரு திரையும் ஒரு நர்ஸம்மாவும் இரண்டு நிமிடமும் இருந்தால் போதும். இதை எல்லா மருத்துவமனையிலும் கேட்டு வாங்க வேண்டும் என்பது என் கட்சி.

டாக்சிசைக்ளின் கொடுத்த இரண்டாம் நாளே காய்ச்சல் விட்டது என்கிறீர்கள். அதுவும் ஸ்க்ரப் டைபஸ் பக்கம்தான் சாட்சி சொல்கிறது.

மழைக்காலத்திலும் பனிக்காலத்திலும் உங்கள் பக்கத்தில் யாருக்காவது காய்ச்சல் நின்றுபோகாமல் நீடித்தால், கொல்லை வேலை செய்பவர் என்பதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள். பழைய சீட்டுகளையும் மருந்துப் பட்டைகளையும் கையோடு கொண்டுபோங்கள். மூச்சு வாங்கினாலோ நினைவு தடுமாறினாலோ ஒரு நாளும் காத்திருக்காமல் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போய்விடுங்கள்.