வானிலைச் செயலியைத் திருத்தியமைக்கும் முறை

மேலுரமாக யூரியா இட்ட அன்றே கனமழை பெய்யின், உரத்தின் பெரும்பகுதி நீரோடு வடிந்து வீணாகும். அம்மழையைக் குறித்த முன்னறிவிப்பு குடியானவருடைய கைப்பேசியிலேயே இருந்தும், அது கண்ணிற் படாத இடத்தில் அமைந்திருந்தால் பயனில்லை. ஆகவே வானிலைச் செயலியின் திரையமைப்பும் பயிர்த்தொழிலைச் சார்ந்த விஷயமேயாம்.

வீடு கட்டுவோர் கதவு, ஜன்னல்களை ஒவ்வொரு வீட்டிற்கும் புதிதாக வகுப்பதில்லை. அளவாகச் செய்துவைத்தவற்றை வாங்கிப் பொருத்துவதும் உண்டு. அவ்வாறே பொத்தான், அட்டை, பட்டியல் முதலிய திரையுறுப்புகளை முன்னரே செய்து சேர்த்த தொகுதிகள் உள்ளன. 2011-இல் வெளிவந்த பூட்ஸ்டிராப்பும், கூகிள் நிறுவனத்தார் 2014-இல் வெளியிட்ட மெட்டீரியல் டிசைன் முறையைத் தழுவிய தொகுதிகளும் இவ்வகையின. இவற்றால் வேலை சுருங்கும். ஒரு பக்கத்திற் கற்ற பழக்கம் மறுபக்கத்திலும் உதவும். ஆயினும், எதை முதலிற் காட்டுவது என்பதை எத்தொகுதியும் சொல்லாது. அதனைச் செயலியை அமைப்போரே நிச்சயிக்க வேண்டும். கவனிக்கத்தக்கவை வருமாறு:

1. வரிசை: வெப்பநிலை, ஈரப்பதம், காற்றழுத்தம் யாவும் ஒரே அளவில் நிற்கும் திரை பயன்படாது. மருந்து தெளிக்கலாமா, உரமிடலாமா, நீர் பாய்ச்சலாமா என்பதே காலையில் எழும் கேள்வி. ஆதலின் மழையும் காற்றும் முதல் அட்டையிலும், ஏனையவை கீழுள்ள பட்டியலிலும் இடம்பெறல் வேண்டும்.

2. நிறம்: இந்திய வானிலை ஆய்வுத் துறையார் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்னும் நான்கு நிறங்களால் எச்சரிக்கையின் கடுமையைக் குறிக்கின்றனர். 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. முதல் 115.5 மி.மீ. வரை பெய்வது கனமழை, 204.4 மி.மீ. வரை மிகக் கனமழை. அதற்கு மேற்பட்டது அதிகனமழை. தொகுதிகளிலோ, அழித்தல் முதலிய செயல்களுக்குரிய பொத்தானும் சிவப்பாகவே வருவது வழக்கம். அதனை மாற்றி, சிவப்பை எச்சரிக்கைக்கே ஒதுக்குதல் நலம். நிறங்களைப் பிரித்தறிய இயலாதோர் பொருட்டு, நிறத்தோடு சொல்லும் எழுதப்பட வேண்டும்.

3. எழுத்து: வெயிலில் படிக்கவேண்டியிருத்தலால், எழுத்திற்கும் பின்புலத்திற்குமுள்ள ஒளி வேற்றுமை 4.5-க்கு 1 என்னும் விகிதத்திற்குக் குறையலாகாது. பெரும்பாலான தொகுதிகள் ஆங்கில எழுத்தை முன்னிட்டு அளவிடப்பட்டவை. தமிழிற் கொம்பும் கீழ்விலங்கும் வெட்டுப்படாதபடி வரியிடைவெளியைக் கூட்டுதலும், நீண்ட சொற்களுக்கேற்பப் பொத்தானை அகலமாக்குதலும் அவசியம். தொடுமிடம் ஏறக்குறைய 9 மி.மீ. சதுரமேனும் இருத்தல் நன்று.

4. காலம்: அலைத்தொடர்பு இல்லாத இடத்தில் பழைய முன்னறிவிப்பே திரையில் நிற்கும். அதனைப் புதிதென்று நம்பி வேலை தொடங்குவது அபாயம். வெளியிட்ட தேதியும் மணியும் முதல் அட்டையிலேயே தெளிவாகத் தோன்ற வேண்டும். காலங்கடந்ததாயின் அட்டையின் தலைப்பே அதனை அறிவித்தல் வேண்டும்.

திருத்தம் முடிந்தபின், செயலியைக் குடியானவர் சிலரிடம் வயலிலேயே கொடுத்து, விளக்கம் ஏதும் சொல்லாமல், “நாளை மருந்து தெளிக்கலாமா?” என்று வினவுக. திரையை ஒருமுறை நோக்கியதும் சரியான விடை வருமாயின் அமைப்பு நன்று. வாராதாயின் குறை திரையினதே, படிப்பவருடையதன்று. அவ்விடத்தை மாற்றி மறுபடியும் சோதிப்பதே தக்க முறையாகும்.