பக்கத்து நாடா

கேள்வி: பிள்ளையார்பாளையத்தில் நாற்பது வருஷமாகப் பட்டு நெய்கிறேன். கரையை உடலோடு சேர்த்து நெய்யும் கோர்வைக்குப் பக்கத்து நாடா தள்ளியது என் வீட்டுக்காரம்மாதான். மார்புப் புற்றுநோய் வந்து அடையாறில் வைத்தியம் பார்த்தோம். போன ஆடியில் போய்விட்டார். நெசவாளர் சங்கத்தில் பிடித்த சேமிப்பில் 25,000 ரூபாய் இருக்கிறது. அவர் பேரில் புற்றுநோய் ஆராய்ச்சிக்குக் கொடுக்க ஆசை. "அது சம்பளத்துக்குத்தான் போகும், திதிக்கு அன்னதானம் போடுங்கப்பா" என்கிறான் பையன். எட்டாவது படித்த நான் தொண்டு செய்ய வந்தால் உதவுமா?
– வாசகர், காஞ்சிபுரம்

பதில்: ஐயா, பையன் சொல்வது சரிதான். பணம் சம்பளத்துக்குத்தான் போகும். போகட்டும். ஆராய்ச்சி என்பதில் பெரும்பகுதி ஆள்கூலிதான்: திசுவைச் சீவிக் கண்ணாடியில் ஏற்றுகிறவர், குறிப்பெடுப்பவர், பழைய நோயாளியைத் தேடிப் போகிறவர். மிச்சத்தில் மின்கட்டணமும் உண்டு. மைனஸ் 80 டிகிரியில் திசு வைத்திருக்கும் பெட்டியை ஒரு ராத்திரிகூட அணைக்க முடியாது. அரசு மானியம் ஒவ்வொரு திட்டத்துக்கும் இத்தனை வருஷம் என்று வரும். ஒன்று முடிந்து அடுத்தது வருவதற்குள் பழகிய ஆள் வேறு வேலைக்குப் போய்விடுவார். அந்த இடைவெளியை அடைப்பது உங்களைப் போன்றவர்களின் காசு. ஆனால் கொடுப்பவர்களுக்குக் கல்வெட்டு வேண்டும். கோயில் டியூப்லைட்டில் வெளிச்சத்தையே மறைக்கிற அளவுக்கு உபயதாரர் பேர் எழுதுகிற ஊர்க்காரர்கள் நாம். மின்கட்டண ரசீதில் பேர் பொறிக்க முடியாதே!

அடையாறு புற்றுநோய் நிறுவனமே இப்படிப் பொதுமக்கள் காசில் வந்ததுதான். தங்கை சுந்தராம்பாள் புற்றுநோயில் இறந்ததை டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மறக்கவில்லை. இந்திய மாதர் சங்கத்தின் பேரில் பொதுமக்களிடம் நிதி திரட்டினார். 1952-இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954-இல் திறந்தபோது 12 படுக்கைகள். முத்துலட்சுமியின் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் ஆரம்பத்தில் சம்பளமே வாங்காமல் வேலை பார்த்தார்கள். அதையே காட்டி, இன்றைக்கு வேலை செய்கிறவரிடம் "தொண்டுதானே, சம்பளம் எதற்கு" என்று கேட்பது நியாயமில்லை.

25,000-ஐ ஒரே நாளில் கொடுத்துவிடாதீர்கள். மூலநிதியில் போட்டால் வட்டிதான் செலவாகும். ஏழு சதவீதம் என்றால் வருஷத்துக்கு 1,750. அதைவிட வீட்டுக்காரம்மாவின் திதிதோறும் ஐயாயிரமாக ஐந்து வருஷம் கொடுங்கள். இவ்வளவு வரும் என்று தெரிந்தால்தான் அவர்களும் நம்பி ஆள் வைப்பார்கள். "ஆராய்ச்சிக்கு, எந்தச் செலவானாலும் சரி" என்று கடிதத்தில் எழுதுங்கள். காசோலையாகவோ வங்கி வழியாகவோ கொடுத்து ரசீது வாங்குங்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் நன்கொடைக்கான வரிச்சலுகை கிடையாது. புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கு அந்தச் சலுகையே இல்லை. வரி கட்டுகிற வருமானமே இல்லையென்றால் அந்தப் பேச்சை விட்டுவிடலாம்.

எட்டாவது படிப்பு போதுமா? தாராளமாக. ஒரு மருந்து பலித்ததா என்று தெரிய, சாப்பிட்டவர் ஐந்து வருஷம் கழித்து எப்படி இருக்கிறார் என்று தெரிய வேண்டும். பாதியில் வராமல் போனவர்கள் அறுந்த இழை மாதிரி. இழை அதிகம் அறுந்தால் அந்தக் கணக்கை நம்ப முடியாது. அவர்களைத் தேடிப் பிடிக்கத்தான் உங்களைப் போன்ற தொண்டர்கள் வேண்டும். சென்னையில் 1981-இல் தொடங்கிய புற்றுநோய்ப் பதிவேட்டுக்கு இன்றும் ஆட்கள் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போய்த்தான் விவரம் சேர்க்கிறார்கள்.

நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில், வராமல் போன ஒரு அம்மாவுக்கு மூன்று கடிதம் போட்டோம், மூன்றும் திரும்பி வந்தன. விலாசம் "வேப்பமரத்து வீடு" என்றிருந்தது. மரத்தை வெட்டி வருஷங்கள் ஆகியிருந்தன. அந்தப் பக்கத்துத் தொண்டர் ஒருவர் பால்காரரிடம் விசாரித்து, மகள் வீட்டில் அவரைக் கண்டுபிடித்தார். நன்றாக இருந்தார், பஸ்ஸுக்குக் காசில்லாமல்தான் வரவில்லை. தொண்டர் பால்காரரிடம் என்ன வியாதி என்று வாயே திறக்கவில்லை, "சொந்தக்காரன்" என்று மட்டும் சொல்லியிருந்தார். உங்களிடமும் முதலில் எதிர்பார்ப்பது அந்த வாய்க்கட்டுதான். தறிக்குத் தறி உறவு இருக்கிற பிள்ளையார்பாளையத்தில் அது லேசில்லை.

அடையாறு வரை அலைய வேண்டாம். காரப்பேட்டையிலேயே அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. உங்கள் ஊர் நெசவாளர் குடும்பத்துப் பிள்ளையான அண்ணாவை 1969-இல் கொண்டுபோனதும் இதே நோய்தான். ஒரு காலை அங்கே போய்த் தொண்டர்களைச் சேர்த்துக்கொள்வார்களா என்று கேளுங்கள். முதல் மாதம் எக்ஸ்-ரே அறைக்கு வழி காட்டுவதும், சீட்டுக்கு வரிசையில் நிற்பதும்தான் வேலையாக இருக்கும். அலுக்கும். பக்கத்து நாடா தள்ளுவதும் அப்படித்தானே? உங்கள் வீட்டுக்காரம்மாவிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

அன்னதானத்தை நிறுத்த வேண்டாம். பையனுக்கு அதில் மனசு இருக்கிறது; அந்தச் செலவை அவரே ஏற்றுக்கொள்ளட்டும்.